பியானோ கச்சேரியில் நான்கு நண்டுகள்

எங்கள் ஊரில் யாரைப் பார்க்கப் போனாலும் வெறுங்கையோடு போகிற வழக்கம் இல்லை. இறாலோ நண்டோ, ஏரியில் அன்றைக்கு அகப்பட்டது கையில் இருக்கும். பியானோ கச்சேரிக்கும் நைனா அப்படித்தான் புறப்பட்டார். வயர்கூடையில் நான்கு நண்டுகள், கொடுக்குகளைக் கட்டி, மேலே ஈரச் சாக்கு. ஈரம் இருக்கும்வரை நண்டு அசையாமல் கிடக்கும்.

"இன்னா நைனா இது?"

"அவ்ளோ பெரிய ஆளு, வெளிநாட்டுலேர்ந்து வர்றாரு. கை வீசிகினு போவ சொல்றியா?"

கோபம் தலைக்கேறியது. ஆனாலும் அவர் காது நினைவுக்கு வந்தது. படகு எஞ்சின் பக்கத்திலேயே வாழ்ந்ததில் அவருடைய வலது காது எப்போதோ போய்விட்டது. இடது காதும் மங்கிக்கொண்டு வருகிறது, அதுவும் போய்விடலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். மீஞ்சூர் ஃபேக்டரிக்கு ரயிலில் போகும்போது நான் போனில் பியானோ கேட்பேன். ஒருநாள் அதை நைனாவின் காதில் வைத்தேன். அன்றிலிருந்து சாயங்காலமானால் போன் அவர் கையில்தான். வாசிப்பவர் சென்னைக்கே வருகிறார் என்றதும், "காது இருக்கசொல்லவே நேர்ல ஒரு தபா கேட்டுடணும்மா" என்றார். அதற்குமேல் நண்டுக்காகச் சண்டை போட மனசு வரவில்லை.

இடது காது மேடைப் பக்கம் இருக்கும்படி அவரை அரங்கின் வலது ஓரத்தில் உட்காரவைத்தேன். கூடை என் காலடியில். மேடையில் ஒரே ஒரு பியானோ, ஒரே ஒரு மனிதர். மைக் கூடக் கிடையாது. நைனா முதல் வாசிப்பிலேயே கண்ணை மூடிக்கொண்டார்.

கடைசியாக வாசித்தது நீளமானது, ரொம்ப மெதுவானது. அதற்குள் ஏசி காற்றில் சாக்கு காய்ந்துவிட்டது. நண்டு சும்மா இருக்குமா? கரகரவென்று கூடையைப் பிறாண்ட ஆரம்பித்தன. முன்வரிசை மொத்தமும் திரும்பி முறைத்தது. நைனா மட்டும் அசையவில்லை. நல்லவேளை, அவருக்குக் கேட்கவில்லை என்று நினைத்தேன். தெரிந்தால் வெட்கப்பட்டு எழுந்து போய்விடுவார். கூடையைத் தூக்கிக்கொண்டு அடிமேல் அடி வைத்து நானே வெளியே வந்தேன்.

"முடியறவரைக்கும் உள்ள விட முடியாதும்மா" என்றார் கதவருகே நின்றவர்.

பாட்டில் தண்ணீரைச் சாக்கில் ஊற்றிவிட்டுப் படிக்கட்டில் உட்கார்ந்தேன். நான் மட்டும் ஆசைப்படாமலா வந்தேன்? நண்டுகளை வாய்க்கு வந்தபடி திட்டினேன். அழுகையும் வந்தது.

கைதட்டல் ஓய்ந்து நைனா வெளியே வந்தார். கண் சிவந்திருந்தது.

"கடைசியா வாசிச்சாரே, அப்போ பயந்தே பூட்டேன்மா. நடுவுல காதுல கரகரனு ஒரே சத்தம். சரி, இந்தக் காதும் பூடுச்சுனு நெனச்சேன். கண்ணையே தொறக்கல. அப்பால தானா நின்னுடுச்சு."

நான் கூடையைத் தூக்கி அவர் முன்னால் நீட்டினேன்.

"அது உன் காது இல்ல நைனா. இதுங்கதான்."

அவர் கூடையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அங்கேயே குந்தி, இடது காதை அதன் பக்கத்தில் கொண்டுபோனார். ஈரச் சாக்குக்கு அடியில் நண்டுகள் அமைதியாகக் கிடந்தன.

"அந்தச் சாக்க எடும்மா" என்றார். "இன்னொரு தபா கேக்கணும்."