மான் வேட்டைக்கு இரண்டு பெயர்

முதலில் என் மடைத்தனத்தைச் சொல்லிவிடுகிறேன். பிறகு மற்றவர்களைத் திட்ட வசதியாக இருக்கும். வேட்டை விண்ணப்பத்தில் மச்சானின் பெயரை முதலாவதாக எழுதியவன் நானேதான். அப்படி எழுதச் சொல்லி யாரும் கேட்கவில்லை. என் மனைவியின் தமையன், என்னைவிட மூன்று வயது மூத்தவர், அவர் பெயர் மேலே வருவதுதான் மரியாதை என்று கலியாணக் கார்டு அடிப்பவனைப்போல யோசித்து எழுதினேன். என் பெயரைக் கீழே, ‘உடன் வருபவர்’ என்ற கட்டத்தில் போட்டேன்.

எங்கள் இரண்டு குடும்பத்துக்கும் அன்ராக், அதுதான் ஜெர்மன் விண்ணப்பப் படிவம், நிரப்புவது முப்பது வருடமாக என் உத்தியோகம். விசாவோ வீடோ பிள்ளைகளின் பள்ளிக்கூடமோ, எந்தப் படிவம் வந்தாலும் மச்சான் ஒரே கேள்விதான் கேட்பார்: “எங்கை கையெழுத்து?”

ஐம்பது வயதுக்குமேல் ஜெர்மன் வேட்டைப் பரீட்சை எழுதித் தேறிய யாழ்ப்பாணத்தார் நாங்கள் இருவர். ஆறு வருடமாக ஹனோவருக்கு வெளியே வயல் ஓரங்களில் ஏணிப் பரண் ஏறி உட்கார்ந்திருக்கிறோம். பன்றியும் சிறுமானும் தாமாகவே நடந்து வரும். பஸ்சுக்குக் காத்திருப்பதற்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. ஹார்ஸ் மலைக்காடு வேறு. அங்கே நிற்பது செம்மான், பரணுக்குக் கீழே நின்றால் மாடு என்று நினைத்து விரட்டத் தோன்றும் உயரம். அந்தக் காட்டின் ஒரு பகுதியில் நவம்பரில் மூன்று நாள் வேட்டையாட, வன அலுவலகம் வெளியாட்கள் இருவருக்கு அனுமதி கொடுப்பதாக அறிவித்தது. எங்கே இருப்போம், எந்த வழியால் உள்ளே போவோம் என்று விண்ணப்பத்தோடு ஒரு திட்டமும் வைக்கவேண்டும்.

திட்டம் என்ற சொல்லைக் கேட்டால் எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியாது. கோடை முழுக்கச் சனிக்கிழமைகளில் கார் எடுத்துக்கொண்டு போனேன். கடையில் வாங்கிய வரைபடம் அடர்ந்த பச்சையாகக் காட்டிய இடத்தில், வண்டு தின்று செத்த மரங்கள் சாம்பல் நிறக் கம்பங்களாக நின்றன. வரைபடத்தின்படி நான் நடுக்காட்டில். உச்சந்தலையிலோ வெயில் சுட்டது. முதல் நாள் வழி தவறி மூன்று மணிநேரம் நடந்து, வேறொரு ஊரின் முதியோர் இல்லத்துத் தோட்டத்தில் வெளிப்பட்டேன். ஒரு தாதி என் கையைப் பிடித்து, எத்தனையாம் நம்பர் அறை என்று அன்பாக விசாரித்தாள்.

அதற்குப் பிறகு நானே ஒரு வரைபடம் கீறினேன். செத்த காட்டின் நடுவே இளமரங்கள் நெருக்கமாக முளைத்திருக்கும் பள்ளங்கள், மான் புரண்ட சேறு, கொம்பு உரசிய பட்டை என்று எல்லாம் அதில் இருந்தன. மலையில் காற்றுத்தான் பெரிய சிக்கல். விடியற்காலையில் கீழே இறங்கும், வெயில் ஏறினால் மேலே திரும்பும். அதைப் பார்க்க மற்ற வேட்டைக்காரர் மாவுப்பொடிக் குப்பி வைத்திருப்பார்கள். என் சட்டைப்பையில் கோயில் திருநீறு இருந்தது. ஒரு நுள்ளு எடுத்து ஊதினேன். அன்று கூட வந்திருந்த மச்சான் பதறிப்போனார்.

“என்ன வேலை பார்க்கிறீர்? சாமியின்ரை திருநீறு!”

“சாமியிட்டைத்தான் கேக்கிறன் மச்சான், காத்து எங்கை போகுதெண்டு.”

அவர் தானும் ஒரு நுள்ளு வாங்கி நெற்றியில் பூசிக்கொண்டு வயிறு குலுங்கச் சிரித்தார்.

இளமரப் பள்ளம் ஒன்றிலிருந்து மான்கள் ஒரே தடத்தில் மேலே ஏறுவதைக் குளம்படிகளை வைத்துக் கண்டுபிடித்திருந்தேன். அவை ஏறும் விடியலில் நான் அங்கே இருக்கவேண்டும். சுடுவது மச்சானாக இருந்தாலும் பரவாயில்லை. எனக்கு அது போதும்.

ஜூலை கடைசியில் வரைபடத்தோடு விண்ணப்பம் போனது, அனுமதி மச்சான் முகவரிக்கு வந்தது. நவம்பர் தொடக்கத்தில், காரை எங்கே விடுவது என்று கேட்க வன அதிகாரிக்குத் தொலைபேசி எடுத்தேன். பெயரைச் சொன்னேன். கடதாசி புரளும் சத்தம் கேட்டது.

“அந்த அழகான வரைபடத்தோடு வந்த விண்ணப்பம்தானே?” என்றார். “உங்கள் பெயர் இதில் இல்லையே.”

“எழுத்துப் பிழையாக இருக்கும்.”

“இல்லை. முதல் விண்ணப்பதாரர் எழுதிக் கேட்டால் உடன் வருபவரை மாற்றலாம். ஆகஸ்டில் கடிதம் வந்தது. நீங்கள் யார்?”

“வரைபடம் கீறினவன்,” என்றேன்.

“மிக நல்ல வேலை,” என்று பாராட்டிவிட்டு வைத்தார்.

என் இடத்தில் இருந்த பெயரை அவர் வாசித்துச் சொல்லியிருந்தார். மச்சானோடு வேலை செய்யும் ஒரு ஜெர்மன்காரர். காலை வணக்கமே இரண்டு நாளுக்கு ஒருமுறைதான் சொல்வார். அதுகூடப் பரவாயில்லை. ஆகஸ்டில் கடிதம் போயிருக்கிறது. செப்டெம்பரில் நான் இன்னும் இரண்டு சனிக்கிழமை அந்த மலை ஏறினேன். “கிழக்குப் பக்கத்தையும் ஒருக்காப் பாத்திட்டு வாரும்,” என்று மச்சான்தான் வாசலில் நின்று வழியனுப்பினார். முப்பது வருடமாக ஒரு படிவத்தைத் தொடாத மனுசன், என் பெயரை வெட்டுவதற்கு மட்டும் சொந்தமாக ஜெர்மனில் கடிதம் எழுதியிருக்கிறார்.

குசினிக்குள் போய் மனைவியிடம் கேட்டேன்.

“உமக்குத் தெரியுமோ?”

அவள் நிமிராமல் வெங்காயம் வெட்டினாள். “அண்ணை தானே உங்களிட்டைச் சொல்லுறன் எண்டவர்.”

“எப்ப?”

“ஆவணியிலை.”

“இப்ப ஐப்பசியும் முடியுது.”

“மறந்திருப்பார்,” என்றாள். வெங்காயத்துக்கு வராத கண்ணீர் எனக்கு அப்போது வரப்பார்த்தது. பகிடி ஒன்று சொல்லி அதை விழுங்கினேன். என்ன பகிடி என்று இப்போது நினைவில்லை, அவளும் சிரிக்கவில்லை.

அன்று பின்னேரமே மச்சான் வீட்டுக்குப் போனேன். நிலவறையில் சப்பாத்துக்கு மெழுகு பூசிக்கொண்டிருந்தார். மேசையில் என் வரைபடம் விரிந்திருந்தது. மழை பட்டால் பழுதாகாமல் இருக்க பிளாஸ்டிக் உறை வேறு போட்டிருந்தார். நான் கீறிய பள்ளத்தின் மேல் சிவப்பில் இரண்டு புள்ளிகள்: ஒன்று அவர், மற்றது அந்த ஜெர்மன்காரர்.

வழமைபோல் பகிடியில்தான் தொடங்கினேன். “மச்சான், தேத்தண்ணி ஊத்தவாவது ஆள் வேணுமே? நான் பிளாஸ்க்கோடை வாறன்.”

அவர் சிரிக்கவில்லை. என் பகிடிக்கு அவர் சிரிக்காமல் இருந்ததை அதற்குமுன் நான் பார்த்ததில்லை.

“சும்மா சொல்லுங்கோ,” என்றேன். “அந்தக் காட்டிலை ஒரு மரம் விடாமல் நான் நடந்தனான். நீங்கள் இரண்டு நாள் வந்தனீங்கள். ஏன் என்னைக் கழட்டி விட்டனீங்கள்?”

மச்சான் மற்றச் சப்பாத்தைக் கையில் எடுத்தார்.

“அங்கையும் நீர் கதைப்பீர்.”