சுவருக்கு வந்த கடுதாசி

அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் முப்பது வருடம் தபால் கொடுத்து ஓய்வுபெற்ற வெர்னா பிலார்ஸ்கி, இப்போது பேட்டைக்குப் பேட்டை பழைய மதுக்கடைகளுக்குள் நுழைந்து அவற்றின் பூர்வீகத்தைத் துருவுகிறாள். அன்று ரஸ்ஸின் கடையில் பக்கச் சுவரைத் தட்டினாள்.

"அந்தக் காலத்துல பொம்பளைங்க வர்ற தனி வாசல் இங்கதான் இருந்துச்சு."

"போக்கா, எங்க தாத்தா காலத்துலேருந்தே இது சுவருதான்" என்றான் ரஸ்.

குடித்துக்கொண்டிருந்த நான்கு பேரும் சிரித்தார்கள்.

வெர்னா அங்கே தொங்கிய நாட்காட்டியைக் கழற்றினாள். பின்னால், வண்ணம் பூசி மறைத்த, வாசற்கதவில் தபால் போட வைக்கும் பித்தளைத் துளை.

"ஏன்டா, சுவருக்கு எவனாவது கடுதாசி போடுவானா?"

ரஸ் ஒரு சின்னக் கோப்பையை அவள் முன் கவிழ்த்து வைத்தான். 'நீ குடிக்கும் அடுத்தது என் செலவு' என்பதை அந்த ஊரில் அப்படித்தான் சொல்வார்கள். சிரித்தவர்களும் தங்கள் கணக்கில் அவளுக்கு ஆளுக்கொன்று கவிழ்க்கச் சொன்னார்கள்.