மேற்கத்திக் காற்றும் ஒன்பது நிமிட ஓட்டமும்

அளவெடுக்கிறவர்களில் தையல்காரருக்கு மட்டும் ஒரு மரியாதை உண்டு, ஏனென்றால் அவர் பிறகு எதையாவது தைத்துத் தருவார். பள்ளிப் பிள்ளைகளின் உடல்தகுதியை அளக்கிற நாங்கள் அளந்துவிட்டுப் போய்விடுவோம். கழுத்தில் விசிலும் கையில் ஸ்டாப் வாட்சுமாக மைதானத்து வெயிலில் நின்ற அன்பர்களுக்கு நான் சொல்வது புரியும்.

இரண்டாயிரத்தின் தொடக்க ஆண்டுகள். திருவொற்றியூரில் ஒரு பள்ளி, எட்டாம் வகுப்பில் அறுபது பிள்ளைகள். என் முனைவர் பட்டப் பதிவு டிசம்பரோடு காலாவதி. ஒரு முறை நீட்டிப்பு வாங்கியாயிற்று, இன்னொன்று கிடையாது. நெறியாளர் போட்ட நிபந்தனை எளியது: அதே பிள்ளையை ஒரு வாரம் கழித்து அளந்தால் ஏறக்குறைய அதே எண் வர வேண்டும். வராவிட்டால் அளவுமுறை செல்லாது. என் ஐந்து வருடமும் செல்லாது.

கிள்ளிப் பார்த்த வழக்கு

ஆரோக்கியம் சார்ந்த உடல்தகுதி என்பது யார் முதலில் வருகிறார் என்பதல்ல. மூச்சு, தசை, உடம்பு வளையும் தன்மை, உடம்பில் கொழுப்பின் பங்கு, இவைதான். இதை நான் ஒவ்வொரு வகுப்பிலும் சொன்னேன், ஒருவரும் நம்பவில்லை. கொழுப்பை அளக்க, மேல்கையின் பின்புறத் தோலை மடித்துப் பிடித்து ஓர் இடுக்கியை வைத்து மில்லிமீட்டரில் படிப்போம். பெண் பிள்ளைகளுக்கு அதைச் செய்தது கணக்கு டீச்சர்.

மறுநாள் அமலி என்ற மாணவியின் அம்மா, காசிமேட்டில் மீன் ஏலத்தை முடித்துக்கொண்டு நேரே பள்ளிக்கு வந்துவிட்டார். நான் என் கையிலேயே இடுக்கியை மாட்டி, அறிவியலை ஆதியிலிருந்து விளக்கினேன். முழுவதையும் பொறுமையாகக் கேட்டார். பிறகு சொன்னார்: “ஆட்ட இப்டித்தான் முதுகுல புடிச்சிப் பாப்பாங்கோ. பாத்துட்டு வெலையாச்சும் சொல்லுவாங்கோ. நீ இன்னா சொல்லப் போற, சார்?”

எண்ணுகிறவன் யார்?

ஒரு நிமிடத்தில் எத்தனை முறை படுத்து எழுகிறார்கள் என்பது வயிற்றுத் தசைக்கான சோதனை. ஒருவன் படுப்பான், இன்னொருவன் அவன் பாதங்களை அழுத்திக்கொண்டு எண்ணுவான். எண்ணுகிறவன் யார் என்று சோதனைக் கையேடு கேட்பதில்லை. நானும் கேட்கவில்லை. முத்து என்ற பையன் முதல் வாரம் நாற்பத்திரண்டு, அடுத்த வாரம் இருபத்தெட்டு. ஏழே நாளில் ஒருவன் வயிறு இவ்வளவு நலிய நியாயமில்லை.

இரண்டு முறையும் எண்ணியவன் சலீம். கூப்பிட்டு விசாரித்தேன். மறைக்க வேண்டிய விஷயம் என்றே அவனுக்குத் தோன்றவில்லை. “அன்னிக்கி அவன் என் தோஸ்து, சார். இப்ப பேசறதில்ல. அதான் கரீட்டா எண்ணிக்கினேன்.”

புகை சாயும் பக்கம்

அதற்குப் பிறகு அறுபது பேருக்கும் நானே எண்ணிச் சரிசெய்தேன். மிச்சமிருந்தது ஒன்பது நிமிட ஓட்டம். அதற்குள் மைதானத்தை எத்தனை சுற்று வருகிறார்கள் என்பதுதான் மூச்சுத்திறன் கணக்கு. அதே மைதானம், அதே கடைசிப் பீரியட், அதே வெறுங்கால். வெப்பமானி, ஈரப்பதமானி இரண்டும் வேப்பமரத்தில் தொங்கின. பிழைக்கு இடமே வைக்கவில்லை என்று எனக்கொரு கர்வம்.

இரண்டாம் ஓட்டத்தன்று பி.டி. மாஸ்டர் ஜெயராஜ் வெளியே வந்து, மேற்கே மணலி ஆலைகளின் புகைபோக்கியில் புகை எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்த்தார். இரண்டு முறை மூக்கை உறிஞ்சினார். அந்தப் பள்ளியில் பி.டி. வகுப்பு அப்படித்தான் முடிவாகும் என்பது எனக்குத் தெரியாது. “மணலிப் பக்கத்துக் காத்து சார். கடக்காத்து இன்னிக்கி வராது. கேரம் போர்டு எடுத்துக் குடுத்துடட்டுமா?” என்றார். போன வாரத்துக்கும் இன்றைக்கும் அரை டிகிரிதான் வித்தியாசம் என்று வெப்பமானியைக் காட்டினேன். “நீங்க படிச்சவரு” என்று சொல்லிவிட்டு மரத்தடியில் உட்கார்ந்துகொண்டார்.

மூன்றாம் நிமிடத்தில் இருமல் தொடங்கியது. ஐந்தாம் நிமிடத்தில் பாதிப் பேர் நடந்தார்கள். நான் ஒன்பது நிமிடத்தையும் முழுதாக ஓட்டினேன். இதைப் பெருமையாகச் சொல்லவில்லை. போன வாரம் பன்னிரண்டு சுற்று வந்த அமலி, ஏழாவது சுற்றில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள். மூச்சு அடங்கியதும் வந்து என் நோட்டை எட்டிப் பார்த்து, “நான் ஃபெயிலா சார்?” என்றாள். மரத்தடியிலிருந்து பதில் வந்தது. “நீ இல்ல கண்ணு. சாருதான்.”

பின்னிணைப்பு

அது சரியான தீர்ப்பு. நெறியாளர் பட்டியலைப் பார்த்துவிட்டு, எண்கள் ஒத்துவரவில்லை, ஓட்டத்தை மறுபடி நடத்து என்றார். இந்த முறை நாளை ஜெயராஜ் குறித்தார். ஒரு வார இடைவெளியில் இரண்டு கடற்காற்று நாள்கள் அமைய நவம்பர் வரை காத்திருந்தேன். அமலி பன்னிரண்டு, மறுபடியும் பன்னிரண்டு. பதிவு முடிய ஒன்பது நாள் இருக்கும்போது ஆய்வேட்டைக் கொண்டுபோனேன். காற்று பார்த்து நாள் குறித்ததையும் அதில் எழுதியிருந்தேன்.

“எந்தக் கருவியால பார்த்தீங்க?” என்றார் நெறியாளர்.

“மூக்கால்” என்றேன். அந்த வரியை அடித்தார். மேற்கத்திக் காற்று நாளின் எண்களையும் எடுத்துவிடச் சொன்னார். அவருடைய கையெழுத்து இல்லாமல் எனக்குப் பட்டம் இல்லை. ஆனாலும் காற்றைப் பற்றிய அந்த ஒரு பக்கம் இல்லாமல் ஆய்வேட்டைக் கொடுக்க மாட்டேன் என்றேன். அவர் பேனாவை மூடிவைத்தார். “சரி, பின்னிணைப்புல போடுங்க. அதை ஒருத்தரும் படிக்க மாட்டாங்க.”

ஒருவராவது படிக்கட்டும் என்று அந்தப் பக்கத்தை எளிய தமிழில் எழுதி, அமலியின் அம்மாவிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். இந்தக் காற்று அடிக்கும் நாளில் உங்கள் மகளால் ஓட முடியாது, குறை அவளுடையதல்ல என்பதுதான் சாரம். அமலி உரக்கப் படித்துக் காட்டினாள். கேட்டுவிட்டு அவர் காகிதத்தை நாலாக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார். “இது எங்களுக்குத் தெரியாதா சார்? நீ எழுதிக் குடுத்துகீறியே, அதான் புச்சு.”

பட்டம் கிடைத்தது. ஐந்து வருடம் அளந்து நான் தைத்துக் கொடுத்தது, அவர்கள் ஏற்கெனவே போட்டிருந்த சட்டையைத்தான்.