கரட் பாத்திக்குச் சிவப்புத் தடி

கரட் விதை முளைத்து மயிரிழைபோல நிற்கிறது. யாரும் மிதித்துவிடக் கூடாதென்று, மிதிவெடி அகற்றியவர்கள் வெடி இருக்கும் இடத்துக்கு எல்லையாக நட்டு, வேலை முடிந்ததும் வேலியோரம் போட்டுவிட்டுப் போன சிவப்புத் தடிகளைப் பாத்திக்கு முன்னால் நட்டிருந்தேன். பின்பக்கத்துக்குத் தடி போதவில்லை.

போன கிழமைதான் இந்திய அகதி முகாமிலிருந்து திரும்பிய மனைவியின் தங்கை, இன்று காலை இடுப்பில் பிள்ளையோடு அந்தப் பக்கத்தால் வந்தாள். பாத்தி நடுவுக்கு வந்து, எதிரே தடிகளைக் கண்டதும் அப்படியே உறைந்துவிட்டாள்.

"அத்தான்! நான் உள்ளுக்க நிக்கிறன்! பிள்ளையை வாங்குங்கோ!"

"அது கரட் பாத்தி. பயப்படாமல் வா."

"கரட்டுக்கு ஏன் மிதிவெடித் தடி? பொய் சொல்லாதேங்கோ!"

பிள்ளை இடுப்பிலிருந்து வழுக்கத் தொடங்கியது. நான் ஓடிப்போய்ப் பிள்ளையை வாங்கினேன். அப்போதும் அவள் அசையவில்லை.

"நீங்கள் முன்னால நடவுங்கோ. உங்கட அடியிலதான் கால் வைப்பன்."

நடந்தேன். என் பெரிய கால்கள் வைத்த இடமெல்லாம் முளை. அதே அடிகளில் அவளும் மிதித்து வந்தாள். வெளியே வந்து, பிள்ளையைப் பறித்துக் கட்டிக்கொண்டு அழுதாள்.

மனைவி ஒன்றுதான் கேட்டாள்: "இந்த ஊரில வேற தடிக்குப் பஞ்சமேயப்பா?"

பதில் தெரிந்தவர்கள் கீழே எழுதுங்கோ.