வதனியோடு வந்த மொட்டை ட்ரெய்லர்

குச்சவெளிக் கரையில் அன்று நின்றவர்கள் ஐந்து பேர். படகை வாங்கிய நவரத்தினம் ஐயா. அவருடைய மனைவி, அவரை அங்கே எல்லோரும் மாமி என்பதால் நானும் மாமி என்றே எழுதுகிறேன். அவர்களின் மகன் ரமேஸ். ரமேசின் மனைவி வதனி, ஏழு மாதக் கர்ப்பிணி, தாய்வீடு எங்கள் பக்கத்துச் செட்டிபாளையம். ஐந்தாவது ஆள் நான், யோகன், படகைக் கட்டி இழுத்துக்கொண்டுபோன ட்ரைவர். எங்கள் முதலாளி ஹாஜியார் அங்கே இல்லை. அவர் காத்தான்குடியில் இருந்தார், போனில் மட்டும் வந்தார். இதை ஏன் இப்படி விளக்கமாக எழுதுகிறேன் என்றால், எங்கள் படகு யார்டில் இந்தக் கதையை இப்போது ஆளுக்கொரு விதமாகச் சொல்கிறார்கள். வராதவர்கள்கூட வந்ததாகச் சொல்கிறார்கள்.

நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். எழுத்துப் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். புதிதாகச் சேர்ந்த ட்ரைவர்மார் கேட்டதால் எழுதுகிறேன்.

மொட்டை என்பது என்ன

எங்கள் யார்டில் செய்வது ஃபைபர் படகு. செய்த படகை ட்ரெய்லரில் ஏற்றி, கெப்பில், அதாவது பின் சீட்டும் உள்ள பிக்கப் வண்டியில் கொழுவி, வாங்கியவரின் கரைக்குக் கொண்டுபோய் இறக்க வேண்டும். படகை இறக்கிய பின் திரும்பிவரும் வெறும் ட்ரெய்லருக்கு யார்டில் மொட்டை என்று பெயர்.

முதன்முதலில் நான் மொட்டையோடு வந்தது வாகரையிலிருந்து. படகுதான் போய்விட்டதே, இனி என்ன கஷ்டம் என்று பாட்டைப் போட்டுக்கொண்டு ஓடிவந்தேன். யார்டுக்குள் நிறுத்திப் பார்த்தால் ட்ரெய்லரின் பின் லைட் இரண்டும் இல்லை. படகு உருளும் ரோலர் ஒன்றும் இல்லை. ஹாஜியார் ட்ரெய்லரை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார்.

"என்ன மனே, லைட்ட ஆருக்குக் குடுத்தாய்? வாகரை ஆக்களுக்குக் கரண்ட் இல்லையாமோ?"

அன்றிரவு எனக்கு நித்திரை இல்லை. கழன்ற ரோலர் பின்னால் வந்த யாருடைய மோட்டார் சைக்கிளுக்குள்ளாவது போயிருந்தால் என்று நினைத்து நினைத்து விடிந்தது. என் சுபாவம் அப்படி. இருபது வருடத்துக்கு மேல் வேலை செய்தும் அது மாறவில்லை.

ட்ரெய்லரின் ஸ்பிரிங் தகடுகள் படகின் பாரத்துக்கென்று போட்டவை. பாரம் இல்லாவிட்டால் அவை மடங்காது. டயரிலும் லோட்டுக்கு அடித்த காற்று. அதனால் சின்னப் பள்ளத்துக்கும் மொட்டை துள்ளும். துள்ளி விழுகிற ஒவ்வொரு முறையும் கெப்பைப் பின்னாலிருந்து பிடித்து உலுக்கும். பின் சீட்டில் இருப்பவருக்கு யாரோ முழங்காலால் முதுகில் இடிப்பது போல இருக்கும். படகோடு போகும்போது இந்தத் தொல்லை கிடையாது.

இதற்கு நான் பழகிக்கொண்ட வேலைகள் சில உண்டு. படகை இறக்கியதும் டயரில் காற்றைக் குறைப்பேன். வெறும் யூரியா பேக் நாலைந்து எப்போதும் கெப்பில் கிடக்கும். போன இடத்தில் மணல் அள்ளி நிரப்பி, சக்கரச் சில்லுக்குச் சற்று முன்னால் வைத்துக் கட்டுவேன். கெப்பின் இரும்புக் குண்டைக் கவ்வுகிற ட்ரெய்லர் வாயில் ஆட்டம் இருந்தால் அடியிலுள்ள நட்டை இறுக்குவேன். கழன்று ஆடக்கூடிய ரோலர், பட்டி, சங்கிலி எல்லாவற்றையும் கயிற்றால் கட்டுவேன். வெறும் ட்ரெய்லர் தாழ்வானது, கண்ணாடியில் தெரியாது. அதனால் பின் மூலை இரண்டிலும் கம்பு நட்டுச் சிவப்புத் துணி கட்டுவேன். பையன்மார் இதைப் பார்த்து, "யோகண்ணன் தேரிழுக்கப் போறார்" என்று பகிடி பண்ணுவார்கள். பண்ணட்டும்.

நல்ல நேரம்

குச்சவெளிக்கு நான் போய்ச் சேர்ந்தபோது, படகை இறக்கக் குறித்த நல்ல நேரம் நடந்துகொண்டிருந்தது. நவரத்தினம் ஐயா வேட்டியோடு தண்ணீருக்குள் நின்றார். மாமி கற்பூரத் தட்டோடு கரையில் நின்றார். நான் ட்ரெய்லரைத் தண்ணீர் ஓரம்வரை பின்னுக்கு விட்டு நிறுத்திவிட்டேன்.

"என்ன தம்பி, படகுக்குத் தண்ணியைக் காட்டிப்போட்டு நிக்கிறாய்?"

"சில்லு கொதிச்சுக் கிடக்கு ஐயா. ஆறட்டும்."

"சில்லுக்கும் காய்ச்சலோ! மருந்து குடு, நாங்க பாத்துக்கொண்டு நிக்கிறம்."

தூரம் ஓடிவந்த சில்லின் நடுப்பகுதி சூடாக இருக்கும். அந்தச் சூட்டோடு தண்ணீருக்குள் இறக்கினால் பெயாரிங் உப்புத்தண்ணீரை உள்ளே உறிஞ்சிவிடும். திரும்பி வரும் வழியில் கிறீஸ் கழுவுண்டு பெயாரிங் பிடிக்கும். சில்லே கழன்றும் ஓடும். உள்ளங்கையை வைத்தால் எடுக்காமல் வைத்திருக்க முடிகிறவரை காத்து நின்றேன். நல்ல நேரம் முடிகிற விளிம்பில்தான் படகு மிதந்தது. ஐயாவின் முகம் சரியில்லை. எனக்கும் ஒரு மாதிரியாகிவிட்டது. ஒரு மனிதர் வாழ்நாளில் எத்தனை படகு வாங்குவார்?

நல்ல தண்ணீர் ஊற்றி ட்ரெய்லரைக் கழுவிக்கொண்டு நிற்கையில் ரமேஸ் வந்தார்.

"அண்ணே, ஒரு உதவி. வதனியை அம்மா வீட்டில விட ஒரு வேன் பேசி வச்சிருந்தம். கிளட்ச் போயிட்டாம், வரமாட்டானாம். நாளைக்குக் காலமை மட்டக்களப்பு ஆஸ்பத்திரியில காட்டணும். எங்கட அம்மாவும் கூட வருவா. நான் விடிய முதல் தொழிலுக்குப் படகைக் கொண்டு போகணும்."

பிறகு குரலைத் தணித்துச் சொன்னார். முதல் பிள்ளை ஆறாம் மாதத்தில் தங்கவில்லை. இந்த முறை குலுக்கம் கூடாது என்று டொக்டர் சொல்லியிருக்கிறார். பஸ்ஸில் அனுப்பப் பயம்.

"தம்பி, பின்னால மொட்டை கிடக்கு" என்றேன்.

"வெறும் ட்ரெய்லர் தானே அண்ணே. படகோடயே வந்த நீங்க."

எல்லோரும் இதைத்தான் சொல்வார்கள்.

ஹாஜியாருக்கு போன் எடுத்தேன். ட்ரெய்லரை இங்கே விட்டுவிட்டு வரட்டுமா என்று கேட்டேன். யார்டில் அடுத்த படகு தயாராக நிற்கிறது, முடியாது என்றார். வதனியின் விசயத்தைச் சொன்னேன்.

"யோகன், நீ பயந்தவன் எண்டு எனக்குத் தெரியும். பயமில்லாத ஆள் எண்டா நான் ஏத்தச் சொல்லமாட்டன். ஏத்திட்டுப் பைய வா மனே. அல்லாஹ் காவல்."

சரி என்று மணல் பேக்குகளைக் கட்டினேன், காற்றைக் குறைத்தேன், சாப்பிடப் போனேன். திரும்பி வந்து பார்த்தால் ட்ரெய்லரின் கடைசி நுனியில் இரண்டு நெல்மூட்டை, நடுவில் ஒரு தேங்காய். காலால் அந்த நுனியை ஒருதரம் அமத்தினேன். கெப்பின் பின்பக்கம் மேலே எழும்பியது. பின்பாரம் கூடினால் மொட்டை வாலை ஆட்டும்.

"ஐயா, மூட்டையை முன்னுக்கு வைப்பமா?"

"படகு போன இடத்தை வெறுமையா விடப்படாது தம்பி. இன்ஜின் இருந்த இடத்திலதான் வைக்கிறது. எங்கட அப்பா காலத்திலயிருந்து அப்படி." பிறகு சிரித்துக்கொண்டே, "காலமை சில்லைத் தடவிக்கொண்டு நிண்டாய், இப்ப மூட்டையைத் தடவுறாய். நீ ட்ரைவரோ, டொக்டரோ?" என்றார்.

எல்லோரும் சிரித்தார்கள். ஒருதரம் நல்ல நேரத்தை மறித்தவன், இன்னொருதரம் எப்படி மறிப்பது? கயிற்றை இறுக்கிக் கட்டிவிட்டு ஏறினேன்.

வால் ஆட்டம்

உள்கண்ணாடியை ட்ரெய்லர் தெரிகிற மாதிரித் திருப்பி வைத்துக்கொண்டேன். அதில் இரண்டு சிவப்புத் துணிதான் தெரியும், பின் சீட்டு தெரியாது. பின் சீட்டிலிருந்து குரல் மட்டும் வந்தது. வதனிக்கு வாய் ஓயாது. நிலாவெளியில் தொடங்கிய பேச்சு கிண்ணியாப் பாலத்திலும் நிற்கவில்லை.

"யோகண்ணே, நீங்க கண்ணாடியைப் பாக்கிற பார்வைக்குப் பின்னால பொலிஸ் துரத்துதோ எண்டு நினைச்சன்."

"பொலிஸ் எண்டா நிப்பாட்டினாச் சரி தங்கச்சி. இதை நிப்பாட்டினாலும் கூடத்தான் வரும்."

"மாமி, இவர் பகிடியும் விடுறார்!"

"அவரைப் பேச்சில போடாதகா. றோட்டைப் பாக்கட்டும்" என்றார் மாமி.

மூதூர் தாண்டி வெருகலுக்குப் போகிற நேர் வீதி. நான் மெதுவாகத்தான் போனேன். பின்னால் வந்த பஸ் ஒன்று ஹோர்ன் அடித்துக்கொண்டு உரசுகிற மாதிரி முந்தியது. அதன் காற்றில் ட்ரெய்லரின் பின்பக்கம் ஒரு பக்கம் போனது. பிறகு மறுபக்கம் போனது. மூன்றாம் தரம் இன்னும் கூடப் போனது. சிவப்புத் துணி இரண்டும் கண்ணாடியை விட்டு ஓடி ஓடி வந்தன. கெப்பின் பின்பக்கமும் சேர்ந்து ஆடியது.

"முருகா!" என்று மாமி கத்தினார்.

பிறேக்கை மிதிக்கச் சொல்லிக் கால் துடித்தது. மிதித்தால் மொட்டை கெப்பைத் தள்ளிக் குறுக்கே போட்டுவிடும். காலை எடுத்தேன். ஸ்டியரிங்கை நேராகப் பிடித்தேன், ஆட்டத்துக்கு எதிராகத் திருப்பவில்லை. வேகம் தானாகச் செத்தது. ஆட்டமும் குறைந்து நின்றது. ஓரம் கட்டினேன். இன்ஜினை நிறுத்தித் திரும்பிப் பின் சீட்டைப் பார்த்தேன்.

வதனி வயிற்றில் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு இருந்தாள். "கொஞ்சம் இறுகுது மாமி" என்றாள்.

மாமி தண்ணீர் கொடுத்தார். நானும் மாமியும் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம். எவ்வளவு நேரம் என்று தெரியாது. எனக்கு அது பெரிய நேரம். பிறகு, "அசையுது. உதைக்குது" என்றாள். மாமி முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

நான் இறங்கி வந்து மாமியின் கதவுப் பக்கம் நின்றேன். "அக்கா, மூட்டையை முன்னுக்கு எடுக்காட்டி நான் ஓடமாட்டன்."

"வீடு போகுமட்டும் அசைக்கப்படாது தம்பி. அவர் கேள்விப்பட்டா..."

வதனி குறுக்கிட்டாள். "மாமி, நெல்லு அசைஞ்சாப் பரவால்ல. நான் அசையப்படாது."

மாமி கொஞ்சம் யோசித்தார். பிறகு தானே இறங்கிப் பின்னால் போனார். மூட்டைகளைத் தொட்டுக் கண்ணில் ஒற்றினார். தேங்காயை எடுத்து முந்தானைக்குள் வைத்துக்கொண்டார்.

"இது என்ர மடியில வரட்டும். நெல்லை நீ வேணுமான இடத்தில வை. அவரோட நான் கதைக்கிறன்."

மணலை வீதியோரம் கொட்டிவிட்டு, அந்த இடத்தில் நெல்லை ஏற்றிக் கட்டினேன். பின்நுனியைக் காலால் அமத்தினேன். கெப் எழும்பவில்லை.

பேச்சு நின்றது

அதன் பிறகு மொட்டை அடங்கி வந்தது. மதகுகளில் முன்சில்லு ஏறும், பின்சில்லு ஏறும், அதற்குப் பிறகு ட்ரெய்லர் ஏறும் சத்தம் 'டொக்' என்று மட்டும் கேட்கும். வாகரையில் வதனி தன் தாய் வைக்கிற நண்டுக் கறியைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தாள். பனிச்சங்கேணிப் பாலத்தில் களப்புத் தண்ணீரைப் பார்த்து, "எங்கட பக்கம் வந்துட்டம் மாமி" என்றாள்.

அதோடு பேச்சு நின்றுவிட்டது.

முதலில் நான் கவனிக்கவில்லை. கவனித்த பின் வேறொன்றையும் கவனிக்க முடியவில்லை. வாய் ஓயாத பிள்ளை ஏன் பேசவில்லை? திரும்பவும் இறுகுகிறதோ? வலியைப் பல்லைக் கடித்து மறைக்கிறாளோ? மாமியும் ஏன் பேசவில்லை? கண்ணாடியைத் திருப்பிப் பார்க்கலாம். பார்த்தால் என்ன தெரியுமோ என்று கை போகவில்லை. "அக்கா" என்று மெல்லக் கூப்பிட்டேன். பதில் இல்லை. ஓட்டமாவடிப் பாலம் வந்தது. என் சேட்டு வியர்வையில் முதுகோடு ஒட்டியிருந்தது. வாழைச்சேனை ஆஸ்பத்திரிக்குத் திருப்புவதா, நேரே போவதா என்று தெரியாமல், ஒரு கடையின் முன்னால் ஓரம் கட்டித் திரும்பிப் பார்த்தேன்.

இரண்டு பேரும் நித்திரை. மாமி வாயைத் திறந்துகொண்டு. வதனி மாமியின் தோளில் சாய்ந்து, கை வயிற்றின் மேல், மெல்லிய குறட்டையோடு.

நான் முன்பக்கம் திரும்பி உட்கார்ந்தேன். சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது. அப்போது பின்னாலிருந்து வதனியின் குரல் வந்தது.

"ஏன் அண்ணே நிப்பாட்டின நீங்க? நல்ல நித்திரை. வாகனம் நிண்டதும் முழிப்பு வந்திட்டு. ஓடுங்க."

ஓடினேன். ஏறாவூர் தாண்டுமுன் குறட்டை திரும்பத் தொடங்கியது. செட்டிபாளையம் வரைக்கும் அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டுதான் போனேன். இத்தனை வருட ஓட்டத்தில் அப்படி நிம்மதியாக நான் ஓட்டியதில்லை.

மறுநாள் ஆஸ்பத்திரியில் பயப்பட ஒன்றுமில்லை என்றார்கள். மாதம் நிறைந்து பெண்பிள்ளை பிறந்தது. நவரத்தினம் ஐயாவே போனில் சொன்னார். நெல்மூட்டையைப் பற்றி அவர் கேட்கவில்லை, மாமி என்ன சொன்னார் என்று எனக்கும் தெரியாது.

அந்த கெப்பை ஹாஜியார் விற்றுவிட்டார். ட்ரெய்லரும் புதிது. அந்தப் பாதையில் போகும்போதெல்லாம் பனிச்சங்கேணியில் என்னையறியாமல் காது பின் சீட்டுக்குப் போகிறது.

டயரில் எவ்வளவு காற்று, எத்தனை பேக் மணல் என்று புதிய ட்ரைவர்மார் கணக்குக் கேட்கிறார்கள். கணக்கு ட்ரெய்லருக்கு ட்ரெய்லர் மாறும். மொட்டையைக் கொழுவியதும் ஒரு ஆளைப் பின் சீட்டில் இருத்திக் கொஞ்ச தூரம் ஓடிப் பாருங்கள். அவர் கண் அயர்ந்தால் தொடர்ந்து போங்கள். அயராவிட்டால், வாங்கியவர் என்ன பகிடி பண்ணினாலும், நிறுத்தி இறங்கிப் பாரத்தை மாற்றிக் கட்டுங்கள்.