குளத்தைத் தாண்டிய ஏழாம் நம்பர் கட்டை

கான்ட்ராக்டருக்குப் படிப்பு மூன்றாம் வகுப்போடு சரி. செங்கல் சுமந்த தலையாலேயே யோசித்து, நாற்பது பேரை வைத்து வேலை வாங்குகிற ஆளாக வளர்ந்தவர். கோல்ஃப் மைதானத்துக்குச் சுற்றுச்சுவர் கட்டியவரும் அவர்தான், பிறகு அந்தச் சுவருக்குள் உறுப்பினராக நுழைந்தவரும் அவர்தான். ஆட்டத்தை யாரும் சொல்லித்தரவில்லை. பார்த்தார், அடித்தார், வந்துவிட்டது. மூன்றாம் நம்பர் இரும்பு என்கிற அந்த ஒல்லி மட்டையால் நேராக அடிக்கத் தெரிந்தவர் அந்த மைதானத்திலேயே அவர் ஒருவர்தான். இதில் கூட்டிச் சொல்ல ஒன்றுமில்லை.

சனிக்கிழமை காலைகளில் அவரோடு ஆடுவது சின்னவர், கூடப் பிறந்த தம்பி. சிமென்ட் கலந்த காலத்திலிருந்தே நிழல் மாதிரி கூட இருந்தவர். அந்த வருஷம் சின்னவர் நீள இரும்பு மட்டைகளையெல்லாம் பையிலிருந்து எடுத்துவிட்டார். இரும்புக்கும், கட்டை என்கிற தடித்த தலை மட்டைக்கும் நடுவில் ஹைபிரிட் என்று ஒன்று உண்டு, அதையும் வாங்கிப் பார்த்தார். பந்து இடப்பக்கமே ஓடியது. கடைசியில் ஏழாம் நம்பர் கட்டை ஒன்று வாங்கினார். பேர்தான் கட்டை, தலை உலோகம். கொழுத்த தலை, கனமெல்லாம் அடியில். மெல்ல வீசினாலும் பந்து மேலே ஏறி, பஞ்சு மாதிரி இறங்கும். அதற்கு அவர் மனைவி நீலக் கம்பளி நூலில் உறை பின்னிப் போட்டிருந்தாள்.

கான்ட்ராக்டர் விடுவாரா? குழந்தைக்குக் குல்லா போட்டுக் கூட்டி வந்திருக்கிறான் என்று மைதானம் முழுக்கச் சொல்லிச் சிரித்தார். சின்னவரும் சேர்ந்து சிரித்தார்.

எட்டாம் குழிக்கு முன்னால் ஒரு குளம். அடுத்தடுத்து இரண்டு சனிக்கிழமை சின்னவரின் பந்து அதைத் தாண்டி, கொடிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தது. கான்ட்ராக்டரின் பந்தும் தாண்டியது, ஆனால் வந்த வேகத்தில் புல்தரையைக் கடந்து பின்னாலிருந்த புதருக்குள் ஓடிவிட்டது. நாலு பேர் பார்த்தார்கள். அது அவருக்குப் பொறுக்கவில்லை.

மூன்றாவது சனிக்கிழமை, கார் நிறுத்துமிடத்தில் சின்னவர் குனிந்து ஷூ கட்டிக்கொண்டிருந்தார். இப்போதெல்லாம் அதற்கே அவருக்கு நேரமாகும். அந்த இடைவெளியில் கான்ட்ராக்டர் கட்டையை உருவித் தன் கார் டிக்கியில் போட்டுவிட்டு, தன் மூன்றாம் நம்பர் இரும்பைத் தம்பியின் பையில் செருகினார்.

குளத்தங்கரையில் சின்னவரின் கை பைக்குள் துழாவி நின்றது. அண்ணன் முகத்தைப் பார்த்தார். புரிந்துவிட்டது.

“ஆம்பளையா அடிடா, பாக்கலாம்” என்றார் கான்ட்ராக்டர்.

சின்னவர் இரும்பை வீசினார். பந்து முழங்கால் உயரம்கூட எழவில்லை. தண்ணீரில் விழுந்தது. இன்னொன்று அடித்தார். அதுவும் அங்கேதான் போனது.

“போதும்ணே. நீங்க அடிங்க” என்று பெஞ்சில் உட்கார்ந்துகொண்டார்.

அடுத்த சனிக்கிழமை அவர் வரவில்லை. தம்பிக்கு ரோஷம் வந்துவிட்டது, தானாக இறங்கி வருவான் என்று கட்டையைத் திருப்பிக் கொடுக்காமல் கான்ட்ராக்டர் வீம்பாக இருந்தார். ஏழாவது வாரம் ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. போய்ச் சேர்வதற்குள் முடிந்திருந்தது.

எல்லாம் அடங்கிய பிறகு ஒருநாள் தம்பி வீட்டுக்குப் போனார். தம்பி மனைவி தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள். ரத்தத்தில் கோளாறு என்று டாக்டர் சொல்லி ஒரு வருஷம் ஆயிற்றாம். கையில் பலம் போய்க்கொண்டே இருந்ததால்தான் கடைக்காரர் அந்தக் கட்டையைக் கொடுத்தாராம்.

“எங்கிட்ட ஏம்மா சொல்லல?”

“தெரிஞ்சா அண்ணன் வேணும்னே தோத்துக் குடுப்பாரு, அது எனக்கு வேணாம்னுட்டாரு, மாமா.”

அவர் டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“அந்தக் குளத்த வச்சு அவரா ஒரு கணக்கு வச்சிருந்தாரு. பந்து தாண்டிட்டா அந்த வாரம் ஒடம்புக்கு ஒண்ணும் ஆகாதாம். தாண்டின அன்னிக்கு ரெண்டு தோசை கூடச் சாப்பிடுவாரு. கடைசியாப் போனப்ப அந்தக் கட்டைய எங்கயோ தொலைச்சிட்டேன்னு வந்து படுத்தாரு. நான் தேடாத எடமில்ல. நீங்க எங்கயாவது பாத்தீங்களா மாமா?”

பார்க்கவில்லை என்று சொல்லியிருக்கலாம். செத்தவனே மூடி வைத்துவிட்டுப் போன விஷயம். கான்ட்ராக்டர் எழுந்து வெளியே போனார். டிக்கியைத் திறந்து, நீல உறையோடு கட்டையை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு வந்தார்.

“அவன் தொலைக்கலம்மா. நான்தான் எடுத்தேன்.”

அவள் கட்டையை வாங்கவில்லை. பிறகு, மூலையிலிருந்த பையைக் கண்ணால் காட்டினாள்.

“அவரு பையிலயே வச்சிருங்க.”

வைக்கப் போனார். பையில் அவருடைய மூன்றாம் நம்பர் இரும்பு நின்றிருந்தது. மண் துடைத்து, எண்ணெய் போட்டு, திருப்பிக் கொடுப்பதற்காகப் பழைய துண்டில் சுற்றி வைத்திருந்தார் சின்னவர்.