இரண்டு முன் சீட்டுகள்

காயலான் கடையில் அவளுக்குப் பாலிஷ் அக்கா என்று பேர். துருவும் கறுத்த எண்ணெயும் அப்பி இன்னதென்று அடையாளம் தெரியாமல் வரும் பாகங்களை மண்ணெண்ணெயில் ஊறப்போட்டு, பிரஷ்ஷால் தேய்த்து, பழைய பனியன் துணியால் துடைத்து அவள் வைத்தால் பார்க்கிறவன் மூஞ்சி அதில் தெரியும். புருஷனுக்குக் கழட்டி என்று பேர். நசுங்கி வந்ததோ, வயதாகிப் படுத்ததோ, எந்தக் காரானாலும் ஒரே பகலில் நட்டு நட்டாகப் பிரித்துப் பரப்பிவிடுவார். அவர் கழட்ட, அவள் துடைக்க, குடித்தனம் அப்படியே ஓடிவிட்டது.

கடையை ஒட்டின ஒற்றை அறைதான் வீடு. வீட்டுக்கு வருகிறவர்களை அவள் உட்காரச் சொல்வது ஒரு காரின் முன் சீட்டுகளில். சுவரோரமாக இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டு மேலே துண்டு விரித்திருந்தாள். பிள்ளைகள் அதில் உட்கார்ந்துதான் பாடம் எழுதினார்கள், அடித்துக்கொண்டார்கள், வளர்ந்து வேறு வேறு ஊருக்குப் போனார்கள்.

அந்தக் கார் கல்யாணமான மறு வருஷம் வந்தது. மங்கின நீலம். என்ஜின் மூச்சுப்பேச்சில்லாமல் கிடந்ததே தவிர உடம்பில் ஒரு கீறல் இல்லை. கழட்டி அதைச் சுற்றிச் சுற்றி வந்தார்.

"இதுல மட்டும் கை வைக்க மாட்டேன். ஓட வச்சுக் காட்டுறேன் பாரு. நான் ஓட்டுறேன், பக்கத்துல நீ. பாக்கிறவன் எல்லாம் வாயப் பொளக்கணும்."

"முதல்ல நம்ம வீட்டு ஃபேன ஓட வைங்க" என்றாள் அவள்.

சொல்லிவிட்டாளே ஒழிய, அன்று சாயங்காலமே ஆள் இல்லாத நேரம் பார்த்து அந்தப் பக்கத்து சீட்டில் ஏறி உட்கார்ந்து பார்த்தாள். பிறகு அது வழக்கமாயிற்று. வேலை முடிந்ததும் டீ டம்ளரோடு ஏறிக் கதவைச் சாத்திக்கொள்வாள். கண்ணாடிக்கு வெளியே ஒரு டயர் குவியலும் செங்கல் சுவரும்தான். அவளுக்கென்னவோ அவை மெதுவாகப் பின்னால் போவது மாதிரியே இருக்கும். பிள்ளைகள் வந்ததும் சீட்டுகள் வீட்டுக்குள் வந்தன, அதன்பிறகும் சாயங்கால டீயை அவள் குடிப்பது அந்தப் பக்கத்து சீட்டில்தான்.

பெரியவன் படிப்புக்குக் கார்புரேட்டர் போயிற்று. கூரை மாற்றியபோது ரேடியேட்டர். சின்னவள் கல்யாணத்துக்குக் கியர்பாக்ஸ். எல்லாவற்றையும் வாங்கியது ஒரே ஆள், பக்கத்து ஊர்ப் பல் டாக்டர். அதே மாதிரி ஒரு காரை உருப்படியாக எழுப்பிவிட வேண்டும் என்று அவருக்கு ஒரு பைத்தியம். போன வருஷம் மிச்சமிருந்த கூட்டையும் அவரே கொண்டுபோனார். ஒவ்வொரு பாகத்தையும் துடைத்துக் கொடுத்தது அவள்தான். வேண்டாம் என்று ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் அவர் நிறுத்தியிருப்பார், அதனாலேயே சொல்லவில்லை.

இப்போது சீட்டுகள். டாக்டர் வேறு எதையெதையோ பொருத்திப் பார்த்து மனசு ஒப்பாமல் போன் செய்திருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கழட்டி இரண்டையும் பழைய போர்வையில் சுற்றி லாரியில் ஏற்றிக் கயிறு போட்டார். கடையில் தங்கிப்போன முன் பம்பரும் ஒரு பெட்டி கைப்பிடிகளும் கூடவே ஏறின. அந்த லாரி அவரைவிட மூத்தது. நீண்ட மூக்கு, பெட்ரோல் என்ஜின், ஒரு பக்கக் கதவுக்குத் தாழ்ப்பாளுக்குப் பதில் நாடா. கண்காட்சிக்கு வைக்கக் கேட்டு வந்தவர்களையெல்லாம் திருப்பி அனுப்பிவிட்டார். அவள் நாடாவை அவிழ்த்து ஏறி உட்கார்ந்தாள்.

"நீ எங்க?"

"நானும் வரேன்."

"ரோடு பூரா குழி. இடுப்பு கழண்டுக்கும்."

"கழண்டா மாட்டிவிட நீங்க இருக்கீங்கல்ல?"

"எனக்குக் கழட்டத்தான் தெரியும். மாட்டத் தெரிஞ்சிருந்தா நம்ம வண்டி எப்பவோ ஓடியிருக்கும்" என்று சிரித்தார். பாதிச் சிரிப்பில் அதை விழுங்கிக்கொண்டு, வண்டியைக் கிளப்புவதில் மும்முரமானார்.

லாரி ஊர் எல்லையைத் தாண்டியது. பிறகு, வேறெதையோ கேட்கிறவள் போலக் கேட்டாள்:

"இன்னிக்கு ஓட்டிப் பாப்பாராமா?"

"சீட்டு மாட்டின கையோட ஓட்டுவேன்னாரு. இத்தனை நாளா பிளாஸ்டிக் ஸ்டூலப் போட்டு உக்காந்து ஷெட்டுக்குள்ளயே முன்னயும் பின்னயும் நகத்திக்கிட்டு இருக்காரு மனுஷன்."

அவள் சிரித்தாள். நெஞ்சு மட்டும் தடதடத்தது. லாரியின் தடதடப்பு என்று நினைத்துக்கொண்டாள்.

டாக்டர் வீட்டு வாசலிலேயே காத்திருந்தார். ஷெட்டுக்குள் நீலம் புதுசாக மின்னியது. அவளுக்குக் கிட்டே போகத் தயக்கமாக இருந்தது. நம் வீட்டுப் பிள்ளை பட்டம் வாங்கி வந்து நிற்கும்போது தொடக் கூச்சப்படுவோமே, அப்படி. கதவைத் திறந்து பார்த்தாள். பின் சீட் இருந்த இடம் வெறும் தகரமாகக் கிடந்தது. எலி கடித்ததைத் தையல்காரனிடம் கொடுத்திருப்பதாக டாக்டர் சொன்னார்.

ஆண்கள் இருவரும் மண்டியிட்டு முன் சீட்டுகளைப் பொருத்தினார்கள். டாக்டர் கைக்குட்டையால் கையைத் துடைத்துவிட்டு ஏறி உட்கார்ந்து சாவியைத் திருப்பினார். என்ஜின் இழுத்தது, பற்றவில்லை. இன்னொரு தடவை. இன்னொரு தடவை. முன் மூடியைத் திறந்து இருவரும் தலையை உள்ளே விட்டார்கள்.

"இக்னிஷன் காயில் போச்சு" என்றார் டாக்டர். "பொறியே வரல. நேத்துக்கூட நல்லா ஓடுச்சுங்க."

"புதுசு?"

"இன்னிக்கு எந்தக் கடை திறந்திருக்கும்? சரி, வாரத்துல வாங்கி மாட்டிட்டுப் போன் பண்றேன். ரெண்டு பேரும் கண்டிப்பா வரணும்."

"அதுக்கென்ன டாக்டர், வந்துட்டாப் போச்சு" என்றார் கழட்டி.

இது வாய்ப்பேச்சு என்று அவளுக்குத் தெரியும். இனி இங்கே கொண்டுவர ஒன்றும் மிச்சமில்லை. லோடு இல்லாமல் அவர் லாரியை எடுக்கமாட்டார். வந்து பார்த்துவிட்டுப் போக இது சொந்தக்காரர் வீடா?

"ஏங்க" என்றாள். "நம்ம லாரியில இருக்கே, அந்தக் காயில் இதுக்கு ஆகாதா?"

கழட்டி திரும்பினார். "ஆகும். ஆனா அங்க ஒயரெல்லாம் காஞ்ச சுள்ளி. தொட்டா ஒடியும். வீடு போய்ச் சேர வேணாமா?"

"சேந்துக்கலாம். கழட்டுங்க."

"விளையாடுறியா?"

"பேருதான் கழட்டி. ஒரு காயிலக் கழட்டச் சொன்னா இவ்வளவு யோசனையா?"

டாக்டர் சிரித்தார். கழட்டி சிரிக்கவில்லை. அவள் முகத்தையே பார்த்தார். நகை கேட்டதில்லை, சினிமா கேட்டதில்லை. கேட்டது என்று நினைவில் எதுவுமே இல்லாத ஒருத்தி கேட்கிறாள். ஸ்பேனரை எடுத்துக்கொண்டு லாரியின் மூக்கைத் திறந்தார்.

இந்த முறை கார் உறுமியது. பிறகு சத்தம் தணிந்து, ஒரே சீராக ஓடியது. டாக்டர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். கழட்டிக்குத் திறந்த வாய் மூடவில்லை. தான் பிரித்துப் போட்டதெல்லாம் ஒன்று கூடி மூச்சு விடுவதை அவர் இதற்குமுன் பார்த்ததில்லை.

"ரெண்டு பேருக்குத்தான் இடம் இருக்கு. முதல்ல யாரு வர்றீங்க?" என்றார் டாக்டர்.

"அவளக் கூட்டிட்டுப் போங்க" என்று கழட்டி பக்கத்துக் கதவைத் திறந்து பிடித்தார். "ஏறு."

அவள் ஏறினாள். கதவு பொத்தென்று மூடியது, அதே சத்தம். அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. இத்தனை வருஷம் டயர் குவியலை நகர்த்தி நகர்த்தி அவள் போன ஊரிலெல்லாம் ஸ்டியரிங் பக்கம் இந்த டாக்டர் கிடையாது.

கார் கேட்டைத் தாண்டியது. பக்கக் கண்ணாடியில் கழட்டி ஸ்பேனரோடு நின்று கையை ஆட்டிக்கொண்டிருந்தார். மனுஷனுக்கு அப்படியொரு சந்தோஷம். வளைவில் சின்னதாகி, மறைந்துபோனார்.

சாலையோ சொல்லி முடியாது. லாரியில் வந்தபோது பல்லை உடைத்த அதே சாலைதான், இப்போது தண்ணீரில் போவதுபோல இருந்தது. மரங்கள் வந்தன, போயின. மதில்கள், மாடிப்படிகள், கொடியில் காயும் துணிகள் எல்லாம் நிஜமாகவே பின்னால் போயின. ஜன்னல் விளிம்பில் கையை வைத்தாள். காற்று ரவிக்கையின் கைக்குள் புகுந்து உப்பியது.

"எப்படிம்மா?" என்றார் டாக்டர்.

"மெத்து மெத்துன்னு போகுது டாக்டர்" என்றாள். "திரும்பிடலாமா? அவரு நிக்கிறாரு."

ஷெட்டுக்கு வந்ததும் டாக்டர் இறங்காமலே கேட்டார்: "வேணும்னா நீங்க அம்மாவக் கூட்டிட்டு ஒரு ரவுண்டு போயிட்டு வாங்களேன்." நல்ல மனசோடுதான் கேட்டார். ஆனால் ஸ்டியரிங்கைப் பிடித்த கை பிடித்தபடியே இருந்தது. இத்தனை நாள் ஸ்டூலில் உட்கார்ந்த மனுஷன். அதை அவளும் பார்த்தாள், கழட்டியும் பார்த்தார்.

"ஐயோ, வேணாம் டாக்டர். எங்க லாரிக்கு ஒத்தை லைட்டு. இருட்டுறதுக்குள்ள போய்ச் சேரணும்" என்றார் கழட்டி.

போலாங்க என்ற ஒரு வார்த்தை அவளுக்கு நாக்கு வரை வந்தது. ஒரே நாளில் இரண்டாவது தடவை கேட்க அவளால் முடியவில்லை. கழட்டி குனிந்து காயிலைக் கழட்டினார். கார் பழையபடி ஊமையாயிற்று.

சொன்னது போலவே லாரியில் ஒரு ஒயர் ஒடிந்தது. அதைச் சீவி முறுக்கி டேப் சுற்றி, என்ஜினைக் கிளப்பும் கைப்பிடியை மூக்கில் போட்டு ஏழெட்டுத் தடவை சுழற்றிய பிறகே கிளம்பியது. வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. கொஞ்ச தூரம் பொறுத்துப் பார்த்தார். அவளாகச் சொல்வதாய்க் காணோம்.

"எப்படி இருந்துச்சு?"

அவள் அவரைப் பார்த்தாள். கழுத்தில் கிரீஸ், புருவத்தில் தூசி. கேட்டதற்குப் பதில் வருவதற்குள் இரண்டு தடவை ஸ்டியரிங்கைத் துடைத்துவிட்டார்.

"என்னத்தச் சொல்ல" என்றாள். "ஒரே குலுக்கல். பெட்ரோல் நெடி வேற. காதுக்குள்ள இன்னும் இரையுது."

"நிஜமாவா?"

"பின்ன? திரும்பிடலாம்னு நான்தான் சொன்னேன்."

கழட்டியின் விறைத்திருந்த தோள் தளர்ந்தது. "நான் அப்பவே நெனச்சேன். அந்த மாடலே அப்படித்தான், பாக்க மட்டுந்தான் அழகு. நாம வச்சிருந்தாலும் சும்மா தண்டச் செலவு." உற்சாகமாகிவிட்டார். அந்தக் காரில் என்னென்ன கோளாறு உண்டு என்று ஒவ்வொன்றாகச் சொல்ல ஆரம்பித்தார். "குடுத்ததே நல்லதாப் போச்சு, என்ன?"

"நல்லதாப் போச்சு" என்றாள் அவள். அப்புறம் காற்று வேண்டுகிறவளைப் போல முகத்தை ஜன்னலுக்கு வெளியே நீட்டிக்கொண்டாள்.